பட்டா யார் பேரில்? ஆர்மேனியாவில் ஆறு நாள்

முதல் நாள்: யெரெவான்

ஷார்ஜாவில் விமானம் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆர்மேனியா இப்போது ஊட்டி மாதிரி ஆகிவிட்டது. நான்கு நாள் லீவு கிடைத்தால் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு ஆறு நாள் கிடைத்தது. கூடவே சித்தப்பாவும் கிடைத்தார்.

சித்தப்பா வருவாய்த்துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கம் பாதி, சென்னையில் மீதி. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மண்ணைப் பார்ப்பார், அப்புறம் வாய்க்கால், அதற்கப்புறம்தான் மனுஷர்கள். என்னிடம் இரண்டு மாதம் தங்க வந்திருந்தார். "ஆர்மேனியா போறேன் சித்தப்பா, வர்றீங்களா?" என்றேன். "அங்க என்னடா இருக்கு?" என்றார். கிறிஸ்தவத்தை முதன்முதலில் அரச மதமாக ஏற்ற நாடு, ரோமாபுரிக்கும் முன்னாடி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ அதுக்கு முந்தி இருந்த கோயில் நெலமெல்லாம் என்ன ஆச்சு?"

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் வந்திறங்கியிருக்கிறோம்.

இங்கே பணத்தின் பெயர் திராம். அமீரகத்தில் திர்ஹம். இரண்டும் பழைய கிரேக்க திராக்மாவிலிருந்து வந்தவை. பாக்கெட்டில் இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு டாக்சிக்காரரிடம் தப்பான நோட்டை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

ஊரே இளஞ்சிவப்பாக இருக்கிறது. டஃப் என்கிற எரிமலைக் கல்லில் கட்டிய கட்டிடங்கள். அக்டோபர் என்பதால் காலையில் ஸ்வெட்டர் வேண்டும், மதியம் வேண்டாம். சாயங்காலம் புனித கிரிகோர் பேராலயம் வரைக்கும் நடந்தோம். 2001இல், நாடு கிறிஸ்தவத்தை ஏற்று 1700 ஆண்டு ஆனதன் நினைவாகத் திறந்தது. பிரம்மாண்டம், ஆனால் புதுசு. என்னை அது பெரிதாக இழுக்கவில்லை. வாசலை ஒட்டி இரண்டு பக்கமும் இருந்த சின்னச் சிற்றாலயங்கள்தான் நிறுத்தின. ஒன்று கிறிஸ்தவத்தை ஏற்ற மன்னர் திருதாத்துக்கு, இன்னொன்று அவருடைய ராணி அஷ்கேனுக்கு. ராஜாவும் ராணியும் இங்கே புனிதர்கள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

அவர் பெயரை ஆர்மேனியர்கள் 'த்ர்தாத்' என்கிறார்கள். மூன்று முறை முயன்றுவிட்டுச் சித்தப்பா அதைத் 'திருதாத்' ஆக்கிவிட்டார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடு கிறிஸ்தவத்தை ஏற்ற ஆண்டு எது என்று இங்கே பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் 301 என்று சொல்லும். ஆராய்ச்சியாளர்களில் பலர் 314ஐ ஒட்டி வைக்கிறார்கள். திருதாத்தை அரியணையில் உட்கார வைத்ததே ரோமாபுரிதான். அங்கே பேரரசர் டயோக்ளீஷியன் 303இல் கிறிஸ்தவர்களை வேட்டையாடத் தொடங்கினார். கான்ஸ்டன்டைன் காலத்தில் 313இல்தான் அந்த மதத்துக்குத் தடை நீங்கியது. எஜமானன் எதிர்க்கிற மதத்தை அவன் தயவில் இருக்கிற ராஜா பகிரங்கமாக ஏற்பாரா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதே காலத்தில் வாழ்ந்த திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ், ரோமாபுரியின் கிழக்குப் பகுதியை ஆண்ட மாக்சிமினஸ் கிறிஸ்தவர்களான ஆர்மேனியர்கள் மீது படையெடுத்ததை எழுதியிருக்கிறார். அது 312 வாக்கில். அதற்குள் அங்கே ஏதோ நடந்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ரோமாபுரி தானே கிறிஸ்தவத்தை அரச மதமாக்கிய 380க்கு அறுபது வருஷத்துக்கு மேல் முந்தி.

இரண்டாம் நாள்: கோர் விராப்

கோர் விராப் என்றால் ஆழ்குழி என்று பொருள். நேற்றுப் பார்த்த பேராலயத்தின் பெயரில் இருக்கிற கிரிகோரை ராஜா திருதாத் அடைத்துவைத்த குழி, மேலே இப்போது மடாலயம். யெரெவானிலிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டர் போல. வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். மின்கம்பத்துக்கு மின்கம்பம் நாரைக்கூடு, பெரிய ஓலைக்கூடை மாதிரி. நாரைகள் தெற்கே போய்விட்டன, கூடு மட்டும் காத்திருக்கிறது.

அராராத் மலையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. 5137 மீட்டர், உச்சியில் பனி. மடாலயத்துக்குப் பின்னால் யாரோ திரை கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிற்கிறது. நோவாவின் பேழை தங்கியதாக நம்பும் மலை. ஆர்மேனியர்களின் அரசுச் சின்னத்திலேயே இருக்கிறது, ஆனால் இருப்பது துருக்கியில். எல்லை 1993இலிருந்து மூடிக் கிடக்கிறது. சித்தப்பா கண்ணுக்கு மேல் கை வைத்து வேலிக்கம்பிகளைப் பார்த்துவிட்டு, "பட்டா அந்தப் பக்கம், பார்வை இந்தப் பக்கம்" என்றார்.

வாசலில் புறா விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடலாம். விற்றவரின் வீட்டுக்கே அது திரும்பிவிடும் என்று எங்கள் டாக்சி ஓட்டுநர் கண்ணடித்தார்.

இந்த மேடு சாதாரண மேடு இல்லை. பழைய தலைநகர் அர்தாஷாத் இருந்த குன்றுகளில் ஒன்று. அதாவது ராஜாவின் சிறை, ராஜாவின் ஊருக்குள்ளேயே. கதை இதுதான். கிரிகோரின் அப்பா, திருதாத்தின் அப்பாவைக் கொன்றவர். பழிக்குப் பழியில் அந்தக் குடும்பமே அழிய, குழந்தை கிரிகோர் மட்டும் கப்படோக்கியாவின் செசாரியாவுக்குத் தப்பி, கிறிஸ்தவனாக வளர்ந்தார். பெரியவனானதும், யார் என்று சொல்லாமல் திருதாத்திடமே வேலைக்குச் சேர்ந்தார். அனாஹித் என்கிற அம்மன் கோயிலில் ராஜா பூசை போட்டார். மாலை சாத்தச் சொன்னபோது கிரிகோர் மறுத்தார். சித்திரவதை. அதற்கு நடுவில் அவர் யார் மகன் என்பதும் வெளியே வந்துவிட்டது. குழியில் போட்டார்கள். பதின்மூன்று வருஷம். ஒரு விதவை தினம் ஒரு ரொட்டியை மேலிருந்து போட்டு உயிர் காத்தாளாம்.

அந்தக் குழிக்குள் இறங்கலாம். சின்னச் சிற்றாலயம் ஒன்றில், பீடத்தின் பக்கத்தில், தரையில் ஓர் ஓட்டை. எனக்குத் தோள் இடித்தது. செங்குத்தாக இரும்பு ஏணி, ஆறு மீட்டர் இருக்கும். படியைக் கண்ணால் பார்க்க முடியாது, காலால்தான் தேட வேண்டும். பாதியில் கீழேயிருந்து ஒருவர் ஏற ஆரம்பித்துவிட்டார். அவர் தலை, என் செருப்பு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டோம், அவரவர் மொழியில். கீழே போனால் வட்டமான அறை, நாலைந்து தப்படியில் கடந்துவிடலாம். சுவரெல்லாம் மெழுகுப் புகையின் கறுப்பு. கல் ஈரமாக இருந்தது, ஆனால் காற்று சூடு. பத்து பேர் நின்றால் மூச்சு முட்டும். ஒரு பாட்டி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நகராமல் நின்றார். எனக்கு ஐந்து நிமிஷம்தான் தாக்குப்பிடித்தது.

மேலே சித்தப்பா முழங்காலைத் தேய்த்தபடி காத்திருந்தார். "உள்ள எப்படி?" என்றார். "நம்ம ஊர் நெல் சேர் மாதிரி, ஆனா கல்லு" என்றேன்.

மீதிக் கதையை ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். டயோக்ளீஷியனுக்குப் பயந்து ஓடிவந்த கன்னியர் கூட்டம் ஒன்று ஆர்மேனியாவில் ஒளிந்திருந்தது. அதில் ஹ்ரிப்சிமே என்ற பேரழகி. திருதாத் அவளை விரும்பினார், அவள் மறுத்தாள். அவளையும் கூட இருந்தவர்களையும் கொன்றுவிட்டார்கள். அதன்பின் ராஜாவுக்குப் புத்தி பேதலித்து, காட்டுப்பன்றி போல் ஆகிவிட்டார். ராஜாவின் தங்கை கோஸ்ரோவிதுக்த்துக்குக் கனவு வந்தது: குழியில் இருப்பவனைத் தூக்குங்கள். தூக்கினார்கள். கிரிகோர் ராஜாவைக் குணமாக்கினார். ராஜாவும் அரசவையும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

சித்தப்பா உடனே சொன்னார்: "கூன் பாண்டியன் கதைடா இது."

வெப்பு நோய், மங்கையர்க்கரசி, ஞானசம்பந்தர். உண்மைதான், எலும்புக்கூடு ஒன்றுதான். ராஜாவுக்கு வியாதி வரும், வீட்டுப் பெண் ஒருத்தி வழி காட்டுவாள், ஞானி வந்து தீர்ப்பார், நாடே மதம் மாறும். வைத்தியமும் அரசியலும் ஒரே வரியில் முடிந்துவிடும். இந்தக் கதையை எழுதிய அகத்தாங்கெகோஸ், தான் ராஜாவின் எழுத்தர் என்று சொல்லிக்கொள்கிறார். ஆனால் நூல் 5ஆம் நூற்றாண்டினது, நடந்ததற்கு நூற்றைம்பது வருஷம் பின்னால். பன்றியிலும் ஒரு குறும்பு இருக்கிறது. பழைய ஈரானிய மரபில் வெற்றித் தெய்வம் எடுக்கிற உருவங்களில் காட்டுப்பன்றியும் ஒன்று. ராஜாக்கள் பெருமையாக நினைத்த மிருகத்தையே ராஜாவுக்குத் தண்டனையாக்கிவிட்டார் எழுதியவர்.

மூன்றாம் நாள்: கார்னி, கெகார்த்

கார்னியில் ஒரு கோயில் நிற்கிறது. மலைப்பள்ளத்தாக்கின் விளிம்பில், இருபத்து நாலு தூண்களோடு, கிரேக்க நாட்டிலிருந்து பெயர்த்து வைத்த மாதிரி. இந்த நாட்டில் இந்த வகையில் மிஞ்சியது இது ஒன்றுதான். 1ஆம் நூற்றாண்டில், முதலாம் திருதாத் கட்டியிருக்கலாம் என்கிறார்கள். நீரோவின் கையால் ரோமாபுரியில் மகுடம் சூடிய அதே ஆள். நம் திருதாத் மூன்றாமவர்.

மற்ற கோயில்கள் எங்கே? இடித்துவிட்டார்கள். அகத்தாங்கெகோஸே பட்டியல் போடுகிறார்: அர்தாஷாத்தில் அனாஹித், ஆனியில் அராமஸ்த், அஷ்திஷாத்தில் வஹாக்ன். ராஜாவின் படை முன்னே, கிரிகோர் கூடவே. சில இடங்களில் பூசாரிகள் ஆயுதம் எடுத்து எதிர்த்ததாக அவர் நூலிலேயே இருக்கிறது. அவர்களைப் பேய்களின் படை என்கிறார். எனக்கென்னவோ வயிற்றுப்பாட்டுக்காகச் சண்டை போட்ட மனுஷர்களாகத்தான் தெரிகிறது.

கார்னி ஏன் தப்பித்தது? ராஜாவின் தங்கைக்குக் கோடை மாளிகையாகக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு கருத்து. அது கோயிலே இல்லை, கல்லறை என்று இன்னொன்று. 1679இல் நிலநடுக்கத்தில் சரிந்து, மூன்று நூற்றாண்டு கிடந்து, சோவியத் காலத்தில் 1975இல் மீண்டும் எழுந்தது. புதுக் கல்லை ஒன்றும் செதுக்காமல் வெறுமையாக வைத்திருக்கிறார்கள். பழைய கல் எது, புதிது எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பக்கத்தில் ராஜ குளியலறையின் மிச்சம். தரையில் பொடிக்கல் பதித்த சித்திரம், கடல் தெய்வங்கள், மீன்கள். நடுவில் கிரேக்கத்தில் ஒரு வரி. "வேலை செய்தோம், ஒன்றும் பெறவில்லை" என்று அர்த்தமாம். இதற்கு அறிஞர்கள் ஆழமான விளக்கமெல்லாம் சொல்கிறார்கள். சித்தப்பா வெகு நேரம் சிரித்தார். "கான்ட்ராக்டருக்குப் பில் பாஸாகல."

வெளியே தூனிரில், அதாவது தரையில் புதைத்த தந்தூர் அடுப்பில், இரண்டு பெண்கள் லவாஷ் சுட்டார்கள். மாவை மெத்தை மாதிரி ஒரு திண்டின் மேல் விரித்து, குனிந்து, அடுப்பின் உட்சுவரில் ஒரே அறை. முப்பது எண்ணுவதற்குள் கொக்கியால் எடுத்துவிடுகிறார்கள். வேட்டி மாதிரி நீளம். உள்ளே பாலாடைக்கட்டியும் பச்சைத் தழைகளும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள். நன்றி சொல்ல 'ஷ்னோர்ஹகலுத்யூன்' என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்தப் பெண் பதிலுக்கு "மெர்சி" என்றாள். ஊரே அப்படித்தான் சொல்கிறது.

அங்கிருந்து கெகார்த். மலையைக் குடைந்த மடாலயம். இப்போது பார்ப்பதில் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டு. ஆனால் உள்ளே, பாறைக்குள் ஒரு ஊற்று ஓடுகிறது. கிறிஸ்தவத்துக்கு முன்பே அது புனித ஊற்று, அதன் மேலேதான் கிரிகோர் மடத்தை வைத்தார் என்பது மரபு. நாங்கள் போனபோது மக்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே ஒரு குடும்பம் ஆடு ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றது. மதாக் என்கிறார்கள். நேர்ந்துகொண்டு ஆடோ சேவலோ கொடுப்பது. பாதிரியார் உப்பை மந்திரித்துத் தருவார், அதை ஆட்டுக்கு ஊட்டிவிட்டு, அப்புறம் அறுத்து, வேகவைத்து, அக்கம்பக்கத்தாருக்குப் பங்கு வைக்க வேண்டும். பழைய மதத்தின் பலியை ஒரேயடியாக நிறுத்தாமல், ஏழைக்குச் சோறு என்று திருப்பிவிட்டார் கிரிகோர் என்று சொல்லப்படுகிறது. படை கோயிலை இடிக்கலாம், கடா வெட்டை நிறுத்த முடியவில்லை பாருங்கள்.

நான்காம் நாள்: எச்மியாட்சின்

இன்றுதான் சித்தப்பாவின் நாள்.

யெரெவானிலிருந்து இருபது கிலோமீட்டர் மேற்கே வகார்ஷபாத். திருதாத்தின் தலைநகர். அரண்மனை இருந்த ஊரில்தான் தலைமைப் பேராலயமும். கிரிகோருக்கு ஒரு காட்சி: வானத்திலிருந்து ஒளியுருவாக ஒருவர் இறங்கி, பொன் சுத்தியலால் தரையைத் தட்டி, கோயில் கட்ட இடம் காட்டினாராம். எச்மியாட்சின் என்றால் 'ஒரேபேறானவர் இறங்கினார்', அதாவது கிறிஸ்து. சுத்தியல் விழுந்த இடம் அரண்மனைக்குப் பக்கத்தில். 1950களில் பேராலயத்துக்குள் அகழ்ந்தபோது, பிரதான பீடத்துக்கு அடியிலேயே தீ வளர்த்த பழைய மேடை ஒன்று கிடைத்தது.

பல வருஷம் சாரம் கட்டிப் பழுது பார்த்து, 2024இல்தான் பேராலயத்தை மறுபடி திறந்தார்கள். இப்போதைய வடிவம் பெரும்பாலும் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில், வஹான் மாமிகோனியன் என்ற பிரபுவின் காலத்தில் அமைந்தது. உள்ளே சுவரோவியம் முழுக்கச் சுத்தம் செய்யப்பட்டு, ரோஜாவும் நீலமுமாகப் பளிச்சென்று, கொஞ்சம் பாரசீகக் கம்பளத்துக்குள் நுழைந்த மாதிரி. அருங்காட்சியகத்தில் பொன்வெள்ளியில் செய்த ஒரு கை. கிரிகோரின் வலக்கை எலும்பு உள்ளே. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை புனித தைலம் காய்ச்சும்போது இந்தக் கையால்தான் ஆசீர்வதிப்பார்கள். பழைய தைலத்தில் கொஞ்சம் எடுத்துப் புதியதில் உறை ஊற்றுவார்களாம், தயிர் மாதிரி. கிரிகோர் காலத்துத் துளி இன்னும் அதில் இருக்கிறது என்பது நம்பிக்கை.

வளாகத்தில் மரத்தடி பெஞ்சு ஒன்றில் சித்தப்பா சாய்ந்துகொண்டார். "சரி, இப்பச் சொல்லு. நெலம்?"

படித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். கோயில்கள் வெறும் சிலை வைத்த இடமல்ல. பொன் கிடங்கு, கிராமங்கள், அடிமைகள், குத்தகை, பரம்பரைப் பூசாரிகள். இடித்த கோயில்களின் பொன் வெள்ளியில் ஒரு பகுதி ஏழைகளுக்கு, மீதி புதுத் திருச்சபைக்கு. நிலமும் அப்படியே கைமாறியது. அஷ்திஷாத்தில் மூன்று பெரிய கோயில்களின் சொத்து, கிரிகோரின் வாரிசுகளுக்குப் போனது. ஆமாம், வாரிசுகள்தான். கிரிகோருக்கு மனைவி மக்கள் உண்டு. அவருக்குப் பின் மகன் அரிஸ்தாகேஸ், 325இல் ஆயர்கள் கூடிய நைசியா பொதுச்சங்கத்துக்குப் போனது இவர்தான். பிறகு இன்னொரு மகன் வ்ர்தானேஸ், பிறகு பேரன். நூறு வருஷத்துக்கும் மேல் பெரும்பாலும் ஒரே வீடு. ஆர்மேனியாவில் எல்லாப் பதவியும் பரம்பரை: குதிரைப்படை ஒரு வீடு, முடிசூட்டும் உரிமை ஒரு வீடு. திருச்சபையும் அந்த வரிசையில் ஒரு வீடாகச் சேர்ந்துகொண்டது.

"பூசாரிங்க?"

அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து பள்ளியில் போட்டார்கள். ஒரு பகுதிக்குச் சிரியாக் மொழி, ஒரு பகுதிக்குக் கிரேக்கம். படித்து முடித்தவர்களில் சிலர் ஆயர்களே ஆனார்கள் என்கிறது நூல்.

சித்தப்பா தலையாட்டினார். "நெலம் அதே நெலம், குடியானவன் அதே குடியானவன், பூசாரி மகனும் அதே எடத்துல. பட்டால பேரு மட்டும் மாறியிருக்கு. வேலை தெரிஞ்ச ஆளுதான் பண்ணியிருக்கான்."

கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம், சமண பௌத்தப் பள்ளிக்கு விட்டது பள்ளிச்சந்தம் என்று கல்வெட்டுகளில் படித்தவருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கொடுத்தவன் திரும்ப எடுப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். "அப்புறம் ஏதாவது ராஜா புடுங்கியிருக்கணுமே?"

புடுங்கினார். 370களில் பாப் என்றொரு ராஜா. கிரிகோர் வம்சத்து நெர்சேஸ் அப்போது தலைமை ஆயர். ஊர் ஊராக மருத்துவமனை, தொழுநோயாளர் இல்லம், ஏழைகள் விடுதி என்று கட்டி, ராஜாவைவிடச் செல்வாக்கோடு இருந்தவர். ராஜா அவரை விருந்துக்கு அழைத்து விஷம் வைத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு திருதாத் காலத்தில் திருச்சபைக்குக் கொடுத்த நிலத்தில் ஏழு பங்குக்கு ஐந்து பங்கைக் கஜானாவுக்கு எடுத்துக்கொண்டு, இரண்டை மட்டும் விட்டுவைத்தாராம்.

"இனாம் ஒழிப்பு" என்றார் சித்தப்பா. எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். இந்தக் குளிரிலும் வேட்டிதான், உள்ளே தெர்மல்.

திரும்பும் வழியில் ஹ்ரிப்சிமே ஆலயம். 618இல் கட்டியது. அலங்காரமே இல்லாத கல், ஆனால் உள்ளே போய் நிமிர்ந்தால் வாய் பேசாது. நான்கு அரைவட்டங்கள் சேர்ந்து ஒரு குவிமாடத்தைத் தாங்குகின்றன, இடையில் ஒரு தூண் கிடையாது. பீடத்துக்குக் கீழே நிலவறையில் அவள் கல்லறை. குனிந்துதான் போக வேண்டும். ராஜாவுக்கு வேண்டாம் என்று சொன்ன பெண். ராஜாவின் நினைவாக யெரெவானில் பார்த்த சிற்றாலயத்தைவிட இங்கேதான் கூட்டம். ஒரு கல்யாணக் கோஷ்டி வந்திறங்கியது.

ஐந்தாம் நாள்: மழை

எங்கும் போகவில்லை. சித்தப்பாவுக்கு முழங்கால் வீக்கம், வெளியே மழை. விடுதியின் சுடுதண்ணீர் காலையில் வேலை செய்யவில்லை. மாதுளம்பழமும் லவாஷும் வாங்கிவந்து ஜன்னலோரம் உட்கார்ந்தோம்.

திருதாத் ஏன் மாறினார் என்று பேசிக்கொண்டிருந்தோம். பன்றி வியாதியை விட்டுவிடலாம். பக்கத்தில் பாரசீகத்தில் 224இல் ஆட்சி மாறி, சாசானியர்கள் வந்திருந்தார்கள். விழுந்தது ஆர்சாசிட் வம்சம், அதாவது திருதாத்தின் சொந்தபந்தம். புதியவர்கள் ஜொராஸ்ட்ரிய நெருப்புக் கோயில்களை நாடு நாடாக வைத்தார்கள். கர்தீர் என்ற அவர்களது தலைமைப் பூசாரி, ஆர்மேனியாவிலும் அதைச் செய்ததாகக் கல்வெட்டில் பெருமை பேசுகிறார். ஆக, பழைய மதத்தில் தொடர்ந்தால் எதிரியின் பூசாரிக்குக் கீழே. ரோமாபுரியின் தெய்வங்களைக் கும்பிட்டால் இன்னொரு எஜமானனுக்குக் கீழே. நடுவில் ஏற்கெனவே தெற்கிலிருந்து, எதெஸ்ஸா வழியாக, சிரியாக் பேசும் கிறிஸ்தவர்கள் உள்ளே வந்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டார். விசுவாசமும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கக் கூடாதா என்ன?

திருதாத்தின் வம்சம் 428இல் முடிந்தது. பாரசீகம் ராஜ பதவியையே எடுத்துவிட்டது. ராஜாவால் வந்த மதம் என்றால் ராஜாவோடு போயிருக்க வேண்டும். 449இல் பாரசீகப் பேரரசர் இரண்டாம் யஸ்தகிர்த் எல்லோரும் ஜொராஸ்ட்ரியர் ஆகுங்கள் என்று உத்தரவு போட்டார். 451இல் படைத்தலைவர் வர்தான் மாமிகோனியன் தலைமையில் அவராய்ர் களத்தில் போய் நின்றார்கள். தோற்றார்கள், வர்தான் இறந்தார். ஆனால் மதம் மாறவில்லை. 484இல் பாரசீகமே ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுத்தது.

"நடுவுல என்னமோ நடந்திருக்குடா" என்றார் சித்தப்பா. அதற்குத்தான் நாளைக்கு.

ஆறாம் நாள்: ஓஷாகான், மதெனதாரான், புறப்பாடு

மழை விட்டு, ஊரைக் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது. காலையில் ஓஷாகான் கிராமம். சின்ன ஆலயம், கீழே ஆர்மேனிய எழுத்தை உருவாக்கிய மெஸ்ரோப் மாஷ்தோத்ஸின் கல்லறை. தோட்டத்தில் முப்பத்தாறு கற்கள், ஒவ்வொன்றும் ஓர் எழுத்தின் வடிவில். ஒரு அம்மா தன் பையனை ஒவ்வொரு கல்லாக நிறுத்தி உரக்கச் சொல்ல வைத்தாள். அய்ப், பென், கிம். அவன் நாலாவது கல்லில் தப்பித்து ஓடினான்.

திருதாத்துக்கு அப்புறம் நூறு வருஷம் ஆர்மேனியாவில் வேதம் ஆர்மேனிய மொழியில் இல்லை. எழுதுவதற்கு எழுத்தே இல்லை. கோயிலில் கிரேக்கத்திலோ சிரியாக்கிலோ வாசிப்பார்கள், பக்கத்தில் ஒருவர் நின்று வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்வார். விட்டுப்போனது விட்டுப்போனதுதான். பிரபுக்கள் வீட்டிலும் தலைநகரிலும் மதம் இருந்தது, மலைக்கிராமத்தில் பழைய பாட்டும் பழைய சாமியும் இருந்தன. மாஷ்தோத்ஸ் துறவியாகிக் கோக்தன் பகுதியில் ஊழியம் செய்யப் போனபோது இதைக் கண்ணால் பார்த்தார்.

திரும்பிவந்து தலைமை ஆயர் சஹாக்கிடம் பேசினார். இருவரும் ராஜா வ்ராம்ஷபூஹிடம் போனார்கள். 387இலேயே நாட்டை ரோமாபுரியும் பாரசீகமும் கிழித்துப் பங்கு போட்டிருந்தன. வ்ராம்ஷபூஹ் பாரசீகப் பாதியை ஆண்டவர், கை கட்டப்பட்ட ராஜா. படையெடுக்க முடியாது, கோயில் இடிக்க முடியாது. தானியேல் என்ற சிரிய ஆயரிடம் ஏதோ எழுத்துகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஆளனுப்பி வரவழைத்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஆர்மேனிய நாக்குக்கு அது போதவில்லை. மாஷ்தோத்ஸ் மாணவர்களோடு எதெஸ்ஸா, சமோசாதா என்று அலைந்தார். 405 வாக்கில் ஓசைக்கு ஒரு எழுத்தாக முப்பத்தாறையும் முடித்துக்கொண்டு வந்தார். ராஜா ஊருக்கு வெளியே ஆற்றங்கரை வரை எதிர்கொண்டு போனாராம். முதலில் எழுதிய வாசகம் நீதிமொழிகள் நூலின் தொடக்கம், ஞானத்தையும் போதனையையும் அறிவது பற்றி.

மதியம் யெரெவானில் மதெனதாரான் சுவடி நிலையம். சுவடிகளும் ஆவணங்களுமாக இருபதாயிரத்துக்கு மேல். கண்ணாடிக்குள் 'மூஷ் பிரசங்கங்கள்' என்ற தோல் சுவடி, இருபத்தெட்டு கிலோ. 1915இல் துருக்கியில் நடந்த ஆர்மேனிய இனப்படுகொலையின்போது இரண்டு பெண்கள் அதை இரண்டாகப் பிரித்துச் சுமந்தார்கள். ஒருத்தி தன் பாதியை எச்மியாட்சின் வரை கொண்டுவந்தாள். இன்னொருத்தி வழியிலேயே இறந்துபோனாள், புதைத்து வைத்த அவளுடைய பாதி பின்னால் கிடைத்தது. அந்தக் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றோம். பக்கத்தின் ஓரங்களில் ஈரம் பட்ட கறை.

விமான நிலையம் போகும்போது சித்தப்பாவிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகை வெளிவந்தது இந்த நாட்டில் அல்ல, மெட்ராஸில். 1794, 'அஸ்தரார்' என்று பெயர். ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் நடத்தினார். பாரிமுனைக்குப் பக்கத்தில், 1772இல் எழுந்த ஆர்மேனிய மாதா கோயிலில்தான் அவர் கல்லறை. மாஷ்தோத்ஸின் எழுத்துகளை அச்சுக் கோத்தது நம்ம ஊரில்.

"எந்தத் தெரு?"

"ஆர்மீனியன் தெரு."

"அப்படி ஒரு தெரு நான் கேள்விப்பட்டதே இல்லையே. நான் பீச்ல கலெக்டர் ஆபீஸ்ல எட்டு வருஷம் இருந்தேன்."

"அரண்மனைக்காரன் தெரு, சித்தப்பா."

அவர் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். ஆர்மேனியன் என்பது தமிழ் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் ஆன தெரு. எட்டு வருஷம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தத் தெருவில் நடந்திருக்கிறார். "யாரோ ஜமீன்தாரு அரண்மனை இருந்துச்சாக்கும்னு நெனச்சேன்டா" என்றார்.

மாஷ்தோத்ஸ் துறவியாவதற்கு முன் ராஜாவின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், கிரேக்கமும் பாரசீகமும் எழுதுகிற ஆள் என்றேன்.

"அப்போ அவன் அரண்மனைக்காரன்தான்" என்றார். அப்புறம் பையைத் துழாவி, ஓஷாகானில் வாங்கிய எழுத்து அட்டையை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து விரலை வைத்து ஆரம்பித்தார். அய்ப். பென். கிம். விமானத்துக்கு அழைக்கும்போது பதினொன்றாவதில் இருந்தார்.